உன்ற சாவி யாருகிட்ட?

1

போன வசந்தப் பருவத்தின் கடைசி வாரத்தில், ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் தூங்கிப்போனேன். ஏதோ கண் சொருகித் தலை ஆடியது என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, அசந்து தூங்கியிருக்கிறேன். குறட்டை விட்டேனா என்று யாரிடமும் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், அன்றைய பாடமே உதவிப் பணியில் இருப்பவர்கள் தங்கள் உடம்பையும் மனதையும் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். இங்கே அதற்கு செல்ஃப் கேர் என்று பெயர். அந்தப் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் நாமக்கல்காரி, பெயர் தனம். இங்கிலாந்தின் வடக்கே, வெயில் அடித்தால் ஒருவருக்கொருவர் ஃபோன் போட்டுச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஊரில், பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி கற்பிக்கிறேன். என்னிடம் படித்து முடித்துப் போகிறவர்கள் குடித்துவிட்டு அடிக்கும் அப்பன்களையும், அடி வாங்கும் பிள்ளைகளையும், பெற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்காத கிழவர்களையும் தினமும் பார்க்க வேண்டும். அந்த வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே நிறையப் பேர் தாங்க முடியாமல் ஓடிவிடுகிறார்கள். ஓடாமல் இருக்க ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு ஆசிரியை நான்.

அன்று பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னேன். பாதத்தைத் தளர்த்துங்கள், முழங்காலைத் தளர்த்துங்கள் என்று ஒவ்வோர் உறுப்பாக மேலே ஏறி வந்தேன். இடுப்பு வரை வந்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன ஆனதோ தெரியாது. விழித்துப் பார்த்தபோது விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். என்மேல் யாரோ ஒரு கோட்டைப் போர்த்திவிட்டிருந்தார்கள். பருவ முடிவில் மாணவர்கள் வகுப்புகளைப் பற்றிக் கருத்து எழுதித் தருவது வழக்கம். வருடத்திலேயே மிகப் பயனுள்ள வகுப்பு அதுதான் என்று எழுதியிருந்தார்கள்.

2

நான் ஆசிரியை மட்டுமல்ல, எங்கள் துறையின் நலவாழ்வுத் தூதரும்கூட. தூதர் என்றதும் காரும் கொடியும் வரும் என்று நினைக்க வேண்டாம். கழுத்தில் பச்சை நிறப் பட்டை ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வேலையில் மனம் நொந்தவர்கள் அந்தப் பட்டையை அடையாளம் பார்த்து வந்து அழலாம். இந்தப் பதவிக்கு ஆள் கேட்டபோது கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் கேட்டு முடிக்கும் முன்னாலேயே 'ஆகட்டுங்க' என்று வாய் சொல்லிவிடும். அதை ஆங்கிலத்தில் சொன்னேன், பட்டை கழுத்துக்கு வந்துவிட்டது.

இன்னொரு வியாதியும் உண்டு. இங்கே மற்ற ஆசிரியர்கள் வேலையாக இருந்தால் அறைக் கதவைப் பாதி சாத்திவைப்பார்கள். அதைப் பார்த்து வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். எனக்கு அது கைவரவே இல்லை. வாசலுக்கு வந்தவரை எழுந்து நின்று 'வாங்க' என்று சொல்லாமல் விட்டால், எங்கள் ஊரில் அவருடைய பேரன் காலம் வரைக்கும் பேசுவார்கள். அதனால் என் அறையில் கெட்டில் உண்டு, பிஸ்கட் உண்டு, வருகிறவர் மூக்கைச் சிந்தக் காகிதமும் உண்டு. என் நாட்காட்டியில் தினமும் ஒரு மணி நேரம் 'தனக்கான நேரம்' என்று நிர்வாகமே கட்டம் போட்டுத் தந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம். தனம் அப்போது சும்மா இருப்பாள் என்பது எல்லோருக்கும் தெரியுமே.

நிர்வாகத்தைக் குறை சொல்லக்கூடாது, அவர்களும் எவ்வளவோ செய்கிறார்கள். மன அழுத்தத்தைக் குறைக்கக் கணினியில் ஒரு பயிற்சி உண்டு. அதை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். மதிய இடைவேளையில் யோகா உண்டு. சொல்லித்தரும் வெள்ளைக்காரர் என்னைப் பார்த்ததும் மட்டும் கண்ணை மூடிக் கும்பிடுவார். நானும் பதிலுக்குக் கும்பிடுவேன். எங்கள் குடும்பத்தில் யோகா செய்து யாரும் யாரையும் பார்த்ததில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வாழைப்பழம். போன வருடம் எங்கள் துறையிலிருந்து இரண்டு பேர் விலகிப்போனார்கள். அந்த இடங்களுக்கு ஆள் எடுக்கவில்லை. அவர்களுடைய வகுப்புகளை எங்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, நலவாழ்வு நடவடிக்கையாகப் புதன்கிழமைதோறும் ஆளுக்கொரு வாழைப்பழம் என்று அறிவித்தார்கள். என் அம்மா பிறந்தது பரமத்தி வேலூர். வாழைத்தார் லாரி லாரியாக ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவளின் மகள் நான், கையில் பாதி பழுத்த ஒற்றைக் காயோடு புன்னகைத்தபடி நிற்கும் படம் எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் இருக்கிறது.

3

அப்பா லாரி வைத்திருந்தார். நாமக்கல்லில் இதைப் பெருமையாகச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே யார்தான் வைத்திருக்கவில்லை? எங்களுடையது மூன்று வண்டி. வீட்டை ஒட்டிய செட்டில் நிற்கும். லோடு பிடிப்பது, டீசல், டயர், பெர்மிட் எல்லாம் அப்பா பாடு. சாவி மட்டும் அம்மாவிடம்.

அது எப்படி அம்மாவிடம் வந்தது என்று எனக்குத் தெரியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து வண்டிச் சாவிகள் அம்மாவின் இடுப்புக் கொத்தில், பீரோ சாவியோடும் சாமான் அறைச் சாவியோடும் சேர்ந்து கிடந்தன. நாக்பூர், இந்தூர் என்று போய்விட்டு வருகிற டிரைவர், வண்டியை நிறுத்தியதும் சாவியைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த நடை எங்கே என்று அப்பா சொல்லலாம். சாவியை எப்போது திருப்பித் தருவது என்று அம்மாதான் சொல்வாள்.

வந்தவர் எண்ணெய் தேய்த்துத் தொட்டித் தண்ணீரில் குளிக்க வேண்டும். அம்மா போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு, செட்டில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலில் படுக்க வேண்டும். எழுந்து வந்து சாவி கேட்டால் அம்மா உடனே தரமாட்டாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே, பையன் எத்தனாவது படிக்கிறான், மாமியாருக்குக் கால் வலி எப்படி இருக்கிறது என்று ஏதாவது கேட்பாள். பட்டென்று பதில் வந்தால் சாவி கிடைக்கும். யோசித்துச் சொன்னால் திரும்பவும் கட்டிலுக்குப் போக வேண்டியதுதான்.

பழனியப்பன் என்று ஒரு டிரைவர். ஒருமுறை அவர் வந்ததும் வராததுமாக அடுத்த லோடுக்குக் கிளம்பத் துடித்தார். சீக்கிரம் போய்த் திரும்பினால் ஊர் நோம்பிக்கு, அதுதான் திருவிழாவுக்கு, இருக்கலாம் என்று கணக்கு. அப்பாவும் அவர் பக்கம்தான். லோடுக்காரர் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்களும் மாறி மாறிச் சொல்லியும் அம்மா இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் அப்பாவைப் பார்த்து, "லாரி போனா இன்னொன்னு வாங்கிக்கலாமுங்க. இவன் போனா, இவன்ற பொண்டாட்டிக்கு நீங்க போயி பதில் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அப்பா வெளியே போய்விட்டார். பழனியப்பனிடம், "தூங்கி எந்திரிச்சு வா சாமி, சாவி தாரேன்" என்றாள். அவர் முனகிக்கொண்டே போய்ப் படுத்தார். நோம்பிக்கு அவரால் வர முடியவில்லை. அதற்காக அம்மாவோடு அவர் ஒரு மாதம் பேசவில்லை.

உடனே என் அம்மாவுக்கு மாலை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஊரையே தூங்கவைத்த அந்தப் பெண்பிள்ளை கோழி கூவும் முன் எழுவாள். பால் கறந்து, சாணி அள்ளி, வீட்டுக்கும் டிரைவர்களுக்கும் ஆக்கிப்போட்டு, எல்லோரும் படுத்த பிறகு படுப்பாள். காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு நிற்பாள். அதில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. நான் முனைவர் பட்டம் வாங்கியதே பிறரைப் பராமரிப்பவர்களின் களைப்பைப் பற்றி ஆராய்ந்துதான். அதில் அம்மாவுக்கு நன்றியுரையில் ஒரு வரி கொடுத்திருக்கிறேன்.

4

வகுப்பில் தூங்கிய கதையை அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா ஃபோனைப் பிடித்தால் அவளுடைய நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரியும். நெற்றி அசையவில்லை.

"உன்ற சாவி யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டாள்.

இங்கெல்லாம் சாவி கிடையாது, அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், அது என் கழுத்தில்தான் தொங்குகிறது என்று விளக்கினேன்.

"உன்ற கழுத்துலயே கெடந்தா அப்பறம் உன்னய ஆரு நிறுத்தறது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நலவாழ்வுத் தூதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பதிலுக்கு நான் அவள் கண் விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. இனி தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்று சேலத்துக் கண் டாக்டர் சொல்லி வெகுநாளாகிறது. முதலில் மாடு கன்று போடட்டும் என்றாள். பிறகு பேரனுக்குக் காது குத்தட்டும் என்றாள். பிறகு நோம்பி வந்தது, அப்புறம் வெயில் வந்தது. இதற்கிடையில் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள், செட்டுப் படியில் கால் தவறி விழப் பார்த்தாள்.

"ஆப்பரேசன் பண்ணுனா குனியப்படாது, அடுப்பு முன்னால நிக்கப்படாதுங்கறாங்க. ஊட்டு வேலைய அப்பறம் ஆரு பாக்கறது?" என்றாள்.

அப்பா இப்போது இல்லை. லாரித் தொழிலைப் பார்க்கிற தம்பி செல்வராசு பாதி நாள் வெளியூரில் இருக்கிறான். அவன் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவள் படும் பாட்டை எழுதினால் அது தனிக் கட்டுரை. வேலைக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்றால், அம்மா அந்த ஆளுக்கும் சேர்த்துச் சமைப்பாள்.

எனக்குப் பயமாக இருந்தது. இவள் இப்படியே ஒரு நாள் இருட்டில் நின்றுகொண்டு அடுப்பைத் தடவிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அம்மாவே ஒரு வழியும் சொன்னாள். "நீ வந்து சித்த நாள் இருந்துட்டுப் போ சாமி. நீயும் தூங்குன மாதிரி ஆச்சு, நானும் கண்ணத் தொறந்த மாதிரி ஆச்சு."

சரி என்றேன். அவள் படுத்திருக்க வேண்டும், நான் ஓய்வெடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

5

விடுப்பு கேட்கப் போனேன். பெற்றோருக்கு உடல்நலம் சரியில்லை என்றால் தனியாக ஒரு விடுப்பு உண்டு. அம்மாவின் உயிருக்கு ஆபத்தா என்று மனிதவளப் பிரிவில் மிகக் கனிவாகக் கேட்டார்கள். இல்லை, கண் மட்டும்தான் என்றேன். அம்மாவுக்கு வேறு பிள்ளைகள் உண்டா? தம்பி இருக்கிறான். அப்படியென்றால் இது அவசரம் ஆகாது, நிலைமை மோசமானால் தயங்காமல் திரும்பி வாருங்கள் என்றார்கள். அம்மா இன்னும் கொஞ்சம் மோசமாகட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் இல்லை.

சொந்த விடுப்பை எடுக்கலாம் என்றால், வகுப்புகளுக்கு மாற்று ஆளைக் காட்ட வேண்டும். ஊரில் டிரைவர் வராவிட்டால் ஆக்டிங் டிரைவர் என்று ஒருவரைப் பிடித்து அனுப்புவோம். இங்கே எங்கள் துறையில் ஆக்டிங் ஆள் ஏற்பாடு செய்வது யார் பொறுப்பு என்று பார்த்தால், நலவாழ்வுத் தூதரின் பொறுப்பு. ஆகவே எனக்கு நானே மின்னஞ்சல் எழுதி, ஆள் இல்லை என்று எனக்கு நானே வருத்தத்துடன் பதில் போட்டுக்கொண்டேன். கடைசியில் கோடை விடுமுறையில்தான் கிளம்ப முடிந்தது.

துறைத் தலைவி ஹெலன் நல்லவள். என் அறைக்கு வந்து அழுகிறவர்களில் அவளும் ஒருத்தி. புறப்படும் நாளில் என்னைக் கட்டிப்பிடித்து, வேலையைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கினாள். திருத்த வேண்டிய கட்டுரைகளை மட்டும் மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் திரையில் முகத்தைக் காட்டினால் போதுமாம். என்ன கூட்டம் என்று கேட்டேன். வரும் வருடத்துக்கான நலவாழ்வுத் திட்டம் என்றாள்.

என் கணவருக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. எங்கள் வீட்டில் ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் வெளியே போவோம், அதனால் இதுவரை சண்டை வந்ததில்லை. அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மகள் யாழினி என்னோடு வந்தாள். பதினேழு வயது. வீட்டில் அவளுடைய அறைக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். நான் இரண்டு பத்தி எழுதிச் செய்தி அனுப்பினால் ஒற்றை எழுத்தில் பதில் போடுவாள், அதுவும் ஆங்கிலத்தில். அவள் தமிழ் பேசுவது என் அம்மாவிடம் மட்டும்தான். அம்மாவின் அம்மாவை எங்கள் பக்கம் அம்மிச்சி என்போம். அம்மிச்சியின் நெற்றியைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட தமிழ் என்பதால், விமானப் பணிப்பெண்ணிடம்கூட "ஏனுங்க, சித்த தண்ணி குடுங்க" என்றுதான் கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் போய், காவிரிக் கரையில் சுடச்சுடப் பொரித்துத் தரும் மீனைத் தின்ன வேண்டும். அம்மிச்சி வருடக்கணக்காக வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

6

சேலத்தில் அம்மாவின் இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, அடுப்பங்கரைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளையாகத் தலையாட்டினாள். கறுப்புக் கண்ணாடி மாட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

மறுநாள் காலையிலிருந்து ஒறம்பரை வர ஆரம்பித்துவிட்டது. ஒறம்பரை என்றால் எங்கள் பேச்சில் சொந்தக்காரர்கள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் வந்து பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் விட்டால் பகை. பரமத்தி வேலூரிலிருந்து, திருச்செங்கோட்டிலிருந்து, ராசிபுரத்திலிருந்து வந்தார்கள். ஹார்லிக்ஸ் வந்தது, சாத்துக்குடி வந்தது, பன் வந்தது. வேலூர் மாமா ஒரு வாழைத்தாரையே தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் துறை ஒரு மாதத்துக்கு விநியோகிக்கும் நலவாழ்வு அது.

படுக்கையில் இருக்க வேண்டிய நோயாளி ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு வாசலுக்கு வந்து, ஒவ்வொருவரையும் முறை சொல்லி "வாங்க" என்றாள். பிறகு நேராக அடுப்பங்கரைக்குப் போய்க் காப்பி போட்டாள். வந்தவர்கள் அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே, நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று அவளுக்குப் புத்தி சொன்னார்கள். "ஆமாங்க, படுத்தேதான் கெடக்கறேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள்.

என் பங்குக்கு நானும் குறை வைக்கவில்லை. அதே செட்டில் அதே கயிற்றுக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கட்டுரை திருத்தினேன். தலைப்பு என்ன தெரியுமா? செல்ஃப் கேரின் அவசியம். விடுப்பில் இருக்கும்போது வேலையை வீட்டுக்குள் விடக்கூடாது என்று ஒரு பிள்ளை மிக அழகாக எழுதியிருந்தது. நல்ல மதிப்பெண் போட்டேன். மீன் எப்போது என்று யாழினி தினமும் வந்து கேட்டாள். நானும் அம்மாவும் ஒரே குரலில் நாளைக்கு என்றோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம். அந்த வேளைச் சொட்டு மருந்து என் பொறுப்பு. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்று காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஹெலன், ஊழியர்களின் ஓய்வு நேரத்தில் அலுவலகம் குறுக்கிடாது என்ற புதிய கொள்கையை அறிவித்தாள். எல்லோரும் கை தட்டினோம். நானும் நாமக்கல்லிலிருந்து தட்டினேன்.

அதே நேரத்தில் ராசிபுரத்துக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஆள் அதிகம் என்று பெரிய பாத்திரத்தை எடுக்க அம்மா அடுப்பு மேடைக்கு அடியில் குனிந்திருக்கிறாள். நிமிரும்போது தலை சுற்றி, கல் மேடையின் விளிம்பில் புருவம் மோதிவிட்டது. பாத்திரம் விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டதாம். என் காதில் இயர்போன் இருந்தது. யாழினி வந்து தோளை உலுக்கிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

கண் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. சேலம் போகும் வழி முழுக்க, ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல என்று அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தக் கண் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். உள்ளே வைத்த லென்ஸ் நகரவில்லை, தப்பித்தீர்கள் என்றார். அதன் பிறகு திட்ட ஆரம்பித்தார், அம்மாவை அல்ல, என்னை. கூட இருந்து பார்த்துக்கொள்ள முடியாதா, அப்படி என்ன வேலை என்று கேட்டார். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன் என்றேன். என்ன பாடம் என்றார்.

"செல்ஃப் கேருங்க" என்றாள் யாழினி, மிக மரியாதையாக.

7

மறுநாள் காலையில் அம்மாவின் இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று போனால் சிலிண்டரில் ரெகுலேட்டர் இல்லை. செட்டில் என் மடிக்கணினி இல்லை, தலைமாட்டில் என் ஃபோனும் இல்லை. நீதானே எடுத்தாய் என்று அம்மாவும் நானும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் ஏசிக்கொண்டோம். பிறகுதான் வாசலைப் பார்த்தோம். கயிற்றுக் கட்டிலை நிலைப்படிக்கு நேராக இழுத்துப் போட்டு, யாழினி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஜீன்ஸ் இடுப்பில் அம்மாவின் கொத்து தொங்கியது. எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அம்மா, அடுப்பில்லாமல் ஒரு வீடா என்று தமிழில் கத்தினாள். யாழினி இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் போய்த் தூங்குங்க. எந்திரிச்சு வாங்க, சாவி தாரேன்."

பழனியப்பன் கதையை வீடியோவில் அம்மாவே பலமுறை அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். அது எங்கள் மேல் பொங்கிய பாசம் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கு நாளைக்கு என்று ஏமாற்றிய ஆத்திரமும் அதில் இருந்தது. எங்களில் ஒருவராவது ஒழுங்காக இருந்தால்தான் தனக்கு மீன் கிடைக்கும் என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

தம்பி மனைவி இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாள். தம்பி கடையிலிருந்து இட்லி வாங்கி வந்து வைத்தான். ஒறம்பரை வந்தது. யாழினி எழுந்து நின்று ஒவ்வொருவரையும் "வாங்க" என்றாள். உட்காரவைத்து, வேலூர்த் தாரிலிருந்து ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தாள். உள்ளே தூங்குகிறார்கள், இப்போது பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினாள். முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே போனார்கள். திருச்செங்கோட்டு அத்தை மட்டும் பழத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள். வெள்ளைக்காரப் பிள்ளை வாசலிலேயே துரத்திவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். இன்றுவரை எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

உள்ளே நானும் அம்மாவும் தண்டனைக் கைதிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தோம். தூக்கம் எங்கே வருகிறது? செட்டில் ஒரு வண்டி கிளம்பினால் அது எந்த வண்டி என்று அம்மா சொன்னாள். திறக்காத மின்னஞ்சல்களை நான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்து வேளை வந்தது. யாழினி வந்து மருந்தை நீட்டிவிட்டு வாசலுக்குப் போனாள். நான் அம்மாவின் கண்ணில் விட்டேன். "ஊரையே தூங்க வெச்சவ நீ, உன்னய உன்ற பேத்தி தூங்க வெக்கறா பாரு" என்று கிண்டல் செய்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அத்தன பேரு சாவியவும் நான் வாங்கி வெச்சேன். என்ற சாவிய மட்டும் ஒருத்தரும் கேக்கல சாமி. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அப்பா கேட்கவில்லை, தம்பி கேட்கவில்லை. களைப்பைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்த நானும் கேட்கவில்லை. மருந்துப் புட்டியை நான் மூடிக்கொண்டிருக்கும்போதே அம்மா தூங்கிவிட்டாள். நன்றாகவே குறட்டை விட்டாள். என் குறட்டையும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நானும் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. யாழினி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள், நேற்று என்ன கிழமை என்று கேட்டாள், நாங்கள் இருவரும் யோசித்தோம். சாவி கிடைக்கவில்லை.

8

இங்கிலாந்துக்குத் திரும்பும் முன் ஜேடர்பாளையம் போனோம். டாக்டர் அனுமதி கொடுத்த பிறகுதான் போனோம், யாழினி வேறு மாதிரி விட்டிருக்கமாட்டாள். காவிரியில் தண்ணீர் நிறையவே போயிற்று. அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு மீனைப் பிய்த்தாள். முன்பெல்லாம் விரலால் தடவித் தடவித்தான் முள் எடுப்பாள். அன்று ஒரு முள்ளை எடுத்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். தெரியுது சாமி என்று யாழினியிடம் காட்டினாள். அந்த ஒரு முள்ளுக்காக மனிதவளப் பிரிவில் இன்னொரு முறை வேண்டுமானாலும் போய் நிற்பேன்.

இங்கே வந்து சேர்ந்ததும் ஹெலன் என்னைக் கூட்டத்தில் பேச அழைத்தாள். விடுப்பில் எனக்குப் புத்துணர்ச்சி தந்தது எது என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டுமாம். காலியான இரண்டு இடங்களுக்கும் ஆள் எடுங்கள், எங்களில் யாருக்கும் தானாக நிறுத்தத் தெரியாது, அதனால் வேளை வந்தால் எங்கள் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்ள ஓர் ஆளைப் போடுங்கள் என்றேன். வாழைப்பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். அனைத்தும் குறித்துக்கொள்ளப்பட்டன. இப்போது புதன், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு நாள் வாழைப்பழம் தருகிறார்கள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்தைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுக்கிறாளாம். பீரோ சாவியை மட்டும் முதலிலேயே கழற்றி முந்தானையில் முடிந்துகொள்கிறாள் என்று தம்பி மனைவி என்னிடம் கோள் சொன்னாள். வலது கண்ணுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சாத்திய கதவு திறக்கும். யாழினி வந்து கையை நீட்டுவாள். பச்சைப் பட்டையோடு சேர்த்து அட்டையைக் கழற்றி, மடிக்கணினியையும் அவள் கையில் வைப்பேன். ஒரே ஒரு மின்னஞ்சல் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று இன்னும் சொல்லிப்பார்க்கிறேன். அவள் கையை மடக்குவதில்லை. கேட்டால் கொடுத்துவிடுகிற குடும்பம்தான் நாங்கள்.